ஈயக்குண்டு றம்லா

மூதூரில் றம்லா என்று கேட்டால் எந்த றம்லா என்பார்கள். ஈயக்குண்டு றம்லா என்றால் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். அந்தப் பட்டத்தை வைத்த வாய்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுடைய தலைப்பிள்ளை லைலா, மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவள். முலையைக் கவ்வ முடியாது. கரண்டியால் ஊட்டிய பாலிலும் பாதி மூக்கால் வந்துவிடும். பார்க்க வந்த பெண்கள் பிள்ளையை விட்டுத் தாயைத்தான் பார்த்தார்கள், என்ன பாவம் செய்தாளோ என்று. றம்லா தன் முக்காட்டுத் தலைப்பைப் பிள்ளையின் முகத்தின்மேல் இழுத்துவிடப் பழகிக்கொண்டாள்.

உதடு தைக்கிற டாக்டர் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு எப்போதாவதுதான் வருவார். கடலில் லாஞ்சிப் படகேறிப் போனால், பத்து இறாத்தல் பாரம் வந்தபிறகு கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். ஏன் பத்து என்று அவர்கள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. டாக்டரிடம் ஏன் என்று கேட்கிற நாக்கு அன்றைக்கு எங்களில் யாருக்கு இருந்தது? பாலே இறங்காத பிள்ளைக்குப் பாரம் எங்கேயிருந்து வரும்? மறுபடி போனாள். மறுபடியும் திருப்பினார்கள்.

புருஷன் பாயிஸ் வலைகாரன். மீனின் வயிற்றில் மணலை அடைத்துத் தராசை ஏமாற்றுவது எங்கள் கரையில் கேள்விப்படாத வேலை அல்ல. அடுத்த முறை போகும்போது றம்லா, வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயக்குண்டுகளைப் பிள்ளையின் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். தராசு முள் பத்தைத் தாண்டியது. வார்டில் சேர்த்தார்கள். மறுபடி நிறுப்பார்களோ என்ற பயத்தில் அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை. பின்னேரம் பக்கத்துக் கட்டில் தாய்மாருக்கெல்லாம் இனிப்புத் தொதல் பங்கிட்டாள், பாவி மகள்.

காலையில் ஒப்பரேஷனுக்கு உடுப்பு மாற்ற வந்த தாதி கமலாதேவி மிஸி சட்டையைக் கழற்றி உதறினார். தையல் விட்டுக் குண்டுகள் சீமெந்துத் தரையெல்லாம் உருண்டன.

"என்னம்மா இது?"

"பாரம் பத்துக்குக் காணாதெண்டு..."

"ஐயோ, இந்தப் பாரத்தைப் பாத்துத்தான் மயக்க மருந்து அளக்கிறது. குடுத்திருந்தா உங்கட பிள்ளை கண் முழிச்சிருக்காது. விளங்குதா?"

விளங்கியது. றம்லா கட்டில்களுக்கு அடியில் தவழ்ந்து ஒவ்வொரு குண்டாகப் பொறுக்கினாள். யாரோ ஒருத்தி சிரித்தாள். அதுவும் தொதல் தின்ற வாய்தான்.

ஒப்பரேஷன் நின்றுபோனது. அவளுடைய லாஞ்சிக்கு முன்னே கதை ஊர் வந்து சேர்ந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? டாக்டர் வரும்போதெல்லாம் மிஸி லாஞ்சிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று றம்லா பதில் அனுப்புவாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வார்டுக்குள் மறுபடி கால் வைக்க வெட்கம். பாயிஸ் ஏசிப் பார்த்தான்.

"புள்ளையக் கொல்லப் பாத்தவளெண்டு எல்லாருக்கும் தெரியும். நான் எந்த முகத்தோட போறது?" என்று அழுதாள்.

அவனும் விட்டுவிட்டான். அவனுக்கும் வெட்கம்தான்.

லைலா ஏழு வயதுவரை அப்படியே வளர்ந்தாள். பேச்சு மூக்கால் வரும், தாய்க்கு மட்டும்தான் விளங்கும். உம்மாவின் பட்டத்தையும் அதன் கதையையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்று கரையில், மீன் நிறுக்கிற தராசுத் தட்டில் ஏறிக் குந்திக்கொண்டு கேட்டாள்.

"உம்மா, இப்ப என்ட பாரம் காணுமா?"

றம்லா கையிலிருந்த மீன்கூடையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். டாக்டர் வருகிற நாளா இல்லையா என்றுகூட விசாரிக்கவில்லை. மறுநாள் முதல் லாஞ்சியில் இருவரையும் கண்டேன். பிள்ளையின் முகம் காற்றுக்குத் திறந்திருந்தது. முக்காட்டை இழுத்து றம்லா மூடியிருந்தது தன் முகத்தை.