மத்ரா கடைவீதியில் செருப்பில்லாமல்

எனக்குப் பின்னால் கஃப்டீரியாவின் ஷட்டர் கடகடவென்று ஏறியது. புது ஆட்கள் கடையைத் திறந்துவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காமல், மஸ்கட்டில் மத்ராவின் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய பரோட்டா. நான் அங்கே போட்ட கடைசிப் பரோட்டா அதுதான். நன்றாகவே வந்திருந்தது.

முதலாளி கடையை விற்றுவிட்டார். வாங்கியவர் சொந்த ஊர்ப் பையன்களைக் கூட்டி வந்திருந்தார். முதலாளி நல்ல மனிதர். "நாளைக்குள்ள வேற இடம் பார்த்துச் சொல்லு, விசா பேப்பரை அங்க மாத்தித் தர்றேன். இல்லேன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். ஊருக்குப் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை. கொல்லிமலையில் எங்கள் அரியூர் நாட்டில் அண்ணன்கள் நிலத்தைப் பங்கு பிரித்தபோது என் பங்குக்குப் பாறை வந்தது. பாறையில் மரவள்ளி வராது. எட்டாவதைப் பாதியில் விட்ட எனக்கு வேறு யோசனையும் வரவில்லை. அதனால் அன்றைக்குள் மஸ்கட்டிலேயே ஒரு வேலை பிடித்தாக வேண்டும்.

மீன் சந்தையைத் தாண்டும்போது ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏனுங்க, காலு பொசுங்குது, போட்டுத் தொலைங்களேன்!"

அந்தக் கடலோரத்தில் 'ஏனுங்க' என்று கேட்டால் என் கால் தானாக நின்றுவிடும். வேட்டி சட்டையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வெறுங்காலோடு, பூமிதிப்பவர்போல எட்டி எட்டி வைத்து வந்தார். பின்னால் அவர் மனைவி. அந்த அம்மாவின் மஞ்சள் பையிலிருந்து அவருடைய செருப்புகள் இரண்டும் எட்டிப் பார்த்தன.

"எந்த ஊருங்க?" என்றேன்.

"கொல்லிமலைங்க. குண்டனி நாடு."

"நான் அரியூர் நாடுங்க."

அதற்குமேல் என்ன வேலை, என்ன சம்பளம் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் மலையில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முறை தெரிந்தாக வேண்டும். பங்காளியா, மாமன் மச்சானா? அது தெரியாமல் பேச்சு நகராது. வெயிலில் ஒற்றைக்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே என் பாட்டன், அவருக்குப் பெண் கொடுத்தவர், அந்தக் கல்யாணத்தில் நடந்த சண்டை என்று அவர் தோண்டிக்கொண்டே போனார். கடைசியில், "அப்ப நான் உனக்கு மாமன் மொறை" என்று முடித்தார்.

மாமன் என்றான பிறகு விட்டுவிட்டுப் போக முடியாது.

அவர்கள் மகள் இங்கே நர்ஸ். டூட்டிக்குப் போகும் வழியில் இருவரையும் இறக்கிவிட்டு, சாயந்திரம் மீன் சந்தைக்கு வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். "ஊரைச் சுத்திப் பாருங்கன்னா. எந்தப் பக்கமாச் சுத்தறதுன்னு சொல்லல" என்றார் அத்தை.

"எனக்கு இன்னிக்கே வேலை தேடணுங்க மாமா."

"தேடு சாமி, நடந்துக்கிட்டே தேடு. மூணு பேராத் தேடினா வெரசாக் கெடைக்கும்."

மூன்று வருடம் மத்ராவில் இருந்தும் மாவு மேசையிலிருந்து தெரிந்த தெருவைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் முன்னால் நடந்தேன்.

"செருப்பு ஏன் மாமா பையில இருக்குது?"

அவர் மேலே கை காட்டினார். சாலையோர மொட்டைப் பாறை உச்சியில் வெள்ளை வெளேரென்று, ஒரு வீடு அளவுக்குத் தூபக்கால் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சாம்பிராணி இந்த நாட்டின் பெருமை என்பதற்காகக் கட்டிய அலங்காரம் அது. மாமா அதைக் காரிலிருந்து பார்த்தவுடனேயே செருப்பைக் கழற்றிவிட்டாராம்.

எங்கள் மலையில் சாமிக்குக் கோபுரம் இருக்க வேண்டும் என்பதில்லை. பாறை இடுக்கு, மரத்தடி, வயல் மூலை என்று எங்கே சாம்பிராணி புகைகிறதோ அங்கே செருப்பை விட்டுவிட வேண்டும். யார் சாமி, எதற்குப் புகை என்று விசாரிப்பதில்லை.

"அது சும்மா பொம்மைங்க மாமா. கோயில் இல்லீங்க."

"இத்தாப்பெரிய தூபக்கால சும்மா வெப்பாங்களா?"

"புள்ளைக்குத் தலை தொவட்டி சாம்பிராணி போட்டப்ப கழட்டினீங்களா?" என்றார் அத்தை.

"ஊட்டுக்குள்ள நான் என்னிக்கிடி செருப்புப் போட்டேன்?"



தூபக்காலின் அடிவாரம்வரை போனோம். மேலே போகும் கதவு பூட்டியிருந்தது. மாமா கீழிருந்தே கும்பிட்டார். பிறகு நிமிர்ந்து அந்தப் பாறைகளை வரிசையாகப் பார்த்தார். "இதையும் மலைங்கறானுங்க. ஒரு மொளகுக் கொடி இல்ல, ஒரு பலா இல்ல. எலும்பு தெரியுது." கடலை அவர் கடைசிவரை பொருட்படுத்தவில்லை. அவ்வளவு தண்ணீரிலும் நெல் போட முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது கோட்டை. அதன் படிகளில் மாமா சந்தோஷமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினார். மேலே காவல்காரர் சட்டைக்கு வாசனை பிடிக்கச் சின்னத் தூபக்காலில் கரி போட்டு வைத்திருந்தார். செருப்பு பைக்குப் போயிற்று. இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம்.

கீழே ஒரு ஜூஸ் கடையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு உள்ளே நுழைந்தேன். கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். எங்கே வேலை பார்த்தாய், ஏன் விட்டாய் என்றெல்லாம் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்த நேரத்தில் அவர் கண் என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். மாமா கடையின் குளிர்பெட்டி மேல் பாதத்தை வைத்து, கண்ணை மூடி நின்றிருந்தார்.

"அந்த ஆள் உன்னோடு வந்தவரா?"

"ஆமாம்."

வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று என்றார்.

"நம்ம மூணு பேரையும் வெச்சுக்க எடம் பத்தாதுன்னு நெனச்சுட்டாரு" என்று மாமா ஆறுதல் சொன்னார்.

மிச்சமிருந்தது பழைய கடைவீதி. அதன் வாசலிலேயே தயங்கி நின்றேன். அங்கே கடைக்குக் கடை புகை. மேற்கூரை போட்ட இடுக்குச் சந்துகள், வெள்ளி வளையல், சால்வை, கத்தி, பேரீச்சம்பழம், எல்லாவற்றின் நடுவிலும் புகை. மாமா உள்ளே வந்ததும் மலைத்து நின்றார்.

"ஏ கண்ணு! தெருவே சாமிதானா?"

கடைக்குக் கடை கும்பிட்டு வந்தார். உள்பாவாடை விற்கும் கடையையும் விடவில்லை. "மானத்த வாங்காதீங்க" என்று அத்தை அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தபடி வந்தார். அன்று துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் ஒன்று வந்திருந்தது. தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக வெள்ளைக்காரர்கள் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தார்கள்.

சாம்பிராணி மட்டுமே விற்கும் கடை ஒன்று. வாசலில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தூபக்கால். உள்ளே பூத்தையல் குல்லா வைத்த தாடிக்காரர் எதையோ மென்றபடி உட்கார்ந்திருந்தார். மாமா நின்று, கண் மூடிக் கும்பிட்டு, வலது கையைக் குழித்து அவர்முன் நீட்டினார். திருநீறு கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கடைக்காரருக்குப் புரியவில்லை. கையை ஏந்தி நிற்கும் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளையாக ஒரு சாம்பிராணிக் கட்டியை எடுத்து வைத்தார். "மெல்லு, நல்லது" என்று இந்தியில் சொல்லி, தன் வாயைத் திறந்து காட்டினார். இங்கே அதை மெல்லுவார்கள்.

மாமா கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, ஒரே விழுங்கு.

"முழுங்கிட்டாரே மனுசன்!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "இனி ஏப்பம் உட்டா ஊடெல்லாம் பூசை வாசம்!"

நான் சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் போகிறவர் உள்ளூர் வழக்கத்தைக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். முதலில் நின்ற கிழவி கையைக் குழித்து நீட்டினாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார், ஒரு கட்டியை வைத்தார். அவள் விழுங்கிவிட்டு மூன்று டப்பா வாங்கினாள்.

அதற்குப் பிறகு கடையில் நிற்க இடமில்லை. சந்தில் செருப்புகள் மேடாகிவிட்டன. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வழி இல்லாமல் கத்த, நான் உட்கார்ந்து செருப்புகளை ஓரமாக ஒதுக்கினேன். பெரிய கால், சின்னக் கால் என்று பிரித்து, வெளியே வந்தவர்களிடம் "யுவர் ஷூ, மேடம், திஸ் ஷூ" என்று நீட்டினேன். இரண்டு பேர் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் கப்பலில் தீர்த்துக்கொண்டிருப்பார்கள்.

கூட்டம் வடிந்ததும் கடைக்காரர் வெளியே வந்தார். அலமாரியில் பாதி காலி. "இந்த ஆள் என்ன செய்தார்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் எங்கள் மலை வழக்கத்தைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "இது வீட்டு வாசனை, விருந்தாளிக்காகப் போடுவது. நாளைக்கும் கப்பல் வருகிறது. இவரைக் காலையில் கூட்டி வா, வேலை தருகிறேன்" என்றார்.

வேலை தேடி வந்தவன் நான், கிடைத்தது மாமாவுக்கு. சொன்னேன்.

"எனக்கா?" மாமா யோசிக்கவே இல்லை. "மொளகு பறிக்க ஆளில்லாமக் கெடக்குது, நான் இங்க நின்னா ஆவுமா? எம் மாப்பிள்ளைக்குக் குடுங்க. பரோட்டா நல்லாப் போடுவான்."

நான் பரோட்டாவை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய ஆள் ஒருவன் விடுப்பில் போயிருந்தானாம். "பேப்பர் இருக்கிறதா?" என்றார். முதலாளியின் போன் நம்பரைக் கொடுத்தேன். இருவரும் அரபியில் நெடுநேரம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு, "காலையில் வா" என்றார்.

சாயந்திரம் மீன் சந்தையில் அவர்கள் மகள் காரை நிறுத்தினாள். "என்னப்பா பாத்தீங்க?" என்றாள்.

"ஒரு தெரு முழுக்கச் சாமி. ஒரு மலைகூட உருப்படியா இல்ல" என்றார் மாமா. அத்தை கதவைத் திறந்து அவர் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் என்னை வாசலில் நிறுத்தி, "நேற்று அவர் நின்ற மாதிரி நில்" என்றார். கையைக் கூப்பினேன். கண்ணை மூடியதும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடி சிரிப்பு. "உன் முகத்தைப் பார்த்தால் கப்பலே திரும்பிப் போய்விடும்" என்று சொல்லி, உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சல்லடையைக் கொடுத்து உட்கார வைத்தார். வெள்ளைக் கட்டி ஒரு கூடையில், மஞ்சள் கட்டி ஒரு கூடையில். தூள் முழுக்க என் மூக்கில்.