தப்பாலுக்கு ஓடிய ஓட்டம்

எனக்குப் பள்ளிக்கூடம் நன்றாகத் தெரியும். அதன் பின்பக்கமாகத்தான் விறகு பொறுக்கப் போவேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை, அவர்களும் என்னைக் கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்குப் பல வருஷம் தபால் சுமந்தேன். எங்கள் மலையில் அதைத் தப்பால் என்றுதான் சொல்வோம். வேலை கிடைத்ததும் ஒரு தப்பால்தான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

எழுபதுகளின் நடுவில் நான் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் போக வெட்டும் வாய்க்காலுக்குக் கான் என்று பெயர். பேர் பதியாத தற்காலிக ஆள். பதிந்தவனுக்கு லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், ஒரு அறை உண்டு, எனக்கு இல்லை. அண்ணனின் ஒற்றை அறையில் குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நானும் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவியும். அந்தப் பக்கம் அண்ணன் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ள பொறக்கிறதுக்குள்ள சாத்துறதுக்கு ஒரு கதவு வேணும். அம்புட்டுதான்."

அந்த சமயம் பழைய தப்பால்காரர் வேலையை விட்டு ஊருக்குப் போனார். அவர் வேலை கால் வேலை. ஆபீசில் பையை வாங்கி, மலை உச்சி வழியாக மேல் டிவிஷனுக்குப் போய், மறுபக்கம் இறங்கி ஆபீசுக்கே திரும்ப வேண்டும். முழு மலையையும் ஒரு சுற்று. பைக்குப் பூட்டு உண்டு, படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை!

எஸ்டேட் மேனேஜரைத் துரை என்போம். அவர் ஒரு மலையாளி. விளையாட்டு நாளில் அந்தச் சுற்றையே ஓட்டப் பந்தயமாக வைத்தார். முதலில் வருகிறவனுக்கு ஒரு கம்பளி. தப்பால் பை யாருக்கு என்பதை ஓட்டத்தைப் பார்த்துத் தானே சொல்வதாகவும் அறிவித்தார். பன்னிரண்டு பேர் பேர் கொடுத்தோம். அதில் ஒருவன் என் மச்சான், மனைவியின் அண்ணன். ஃபாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் நிரந்தர வேலை, சொந்த அறை, காலில் கேன்வாஸ் ஷூ. மாடிச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனும் பைக்கு ஆசைப்பட்டான்.

"மாப்ள, நீரு ஓடி நான் பாத்ததே இல்லையே. கல்யாணத்தன்னைக்கு ஓடப் பாத்தீரு, அதுவும் நாங்க புடிச்சுட்டோம்" என்றான்.

"அன்னைக்கு விட்டிருந்தா இன்னைக்கு உனக்குப் போட்டி இல்ல மச்சான்" என்றேன்.

காலையில் பார்த்தால் வழிக்கொடிகளை மலை இடக்கைப் பக்கம் வரும்படி நட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. உச்சியில் மஞ்சள் பூசிய சாமிக்கல் இருக்கிறது. சாமியை வலமாகத்தான் சுற்றுவோம், இடமாகச் சுற்றுவது பிணத்துக்கு. பழைய தப்பால்காரர்கூட ஆயுசு முழுக்க வலமாகவே போய் வந்தவர்.

"தொரை, இது சாவு சுத்துங்க" என்றார் கங்காணி.

"ஓட்டம் லோகம் முழுவன் இடத்தோட்டாணு!" என்று, உலகமெங்கும் ஓட்டம் இடப்பக்கமாகத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு, துரை விசிலை வாயில் வைத்தார்.

நான் சிரித்தேன். "சாமிக்கு என்ன, வலது இடது பாத்துக்கிட்டா உக்காந்திருக்கு? எனக்கே தெரியாது" என்று வீரம் பேசினேன். கூட்டத்திலிருந்து என் மனைவி மெதுவாக வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கேருங்க. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நான் சொல்றேன். ஓடுறது எப்படி வேணா ஓடுங்க. கல்லுகிட்ட போனதும் நேர்ச்சுத்தா, வலமா, மூணு சுத்து சுத்திட்டு அப்புறம் எறங்குங்க."

"பந்தயத்துல சுத்துறதா?"

"சுத்துங்க."

துரை விசில் ஊதினார். அட்டை ஏறாமல் இருக்க காலில் புகையிலையும் சோப்பும் குழைத்துத் தடவியிருந்தேன். முதல் பர்லாங்கில் நான் ஓடியதைவிட வழுக்கியது அதிகம். ஆனால் ஏற்றம் தொடங்கியதும் விஷயம் மாறிவிட்டது. வருஷக்கணக்காக அந்தச் சரிவில் மண்வெட்டியோடு ஏறி இறங்கிய கால் இது. ஓடையைத் தாண்டி, சோலைக்காட்டு வேர்களைப் படியாக மிதித்து, மரம் முடிந்து புல்மேடு வந்தபோது எனக்கு முன்னால் ஒருவனும் இல்லை. பின்னால் மச்சானின் ஷூ சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்க்கையில் எதிலும் நான் முதல் ஆளாக நின்றதில்லை, ரேஷன் வரிசையில்கூட. நெஞ்சு அடைக்கிறதா பூரிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெயில் நாளில் அந்த உச்சியிலிருந்து வடக்கே காந்தலூர்ப் பூண்டு வயல் வரை தெரியும். அன்று என் மூக்கு நுனியே தெரியவில்லை, அவ்வளவு மஞ்சு. கல்லடியில் ஆபீஸ் ஆள் ஒருவர் தலையோடு கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். மேலே வந்தவன் கையில் முத்திரை குத்துவது அவர் வேலை. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது, என் முழங்கையில் ஊதா மையைக் குத்தியது, திரும்ப உள்ளே போய்விட்டது.

மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்றில் தலையும் சேர்ந்து சுற்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன், குதித்துக் குதித்து இறங்கினேன். கொடிகள்கூட சரியாகத்தான் வந்தன.

பாதிச் சரிவில் மஞ்சுக்குள்ளிருந்து பத்துப் பேர் எனக்கு எதிரே ஏறி வந்தார்கள்.

பந்தயத்தில் எதிரே ஆள் வந்தால் புத்தியுள்ளவன் நின்று யோசிப்பான். நான் யோசிப்பதற்குள் அவர்கள் யோசித்துவிட்டார்கள். எங்கள் மலையில் ஒருவன் மேலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஏலே, ஆன! ஆன!"

பத்துப் பேரும் திரும்பி ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்ததும் எனக்கும் பின்னால் யானை வருவது உறுதியாகிவிட்டது. பிளிறியதுகூடக் காதில் விழுந்தது, சத்தியமாக. அவர்களை முந்திக்கொண்டு ஓடினேன். ஓடை வந்த பிறகுதான் எல்லோரும் நின்றோம்.

"எங்கல ஆன?" என்றான் ஒருவன்.

"நீங்கதானய்யா சொன்னீங்க."

"நீ ஏன்ல ஓடி வந்த?"

"நான் பந்தயத்துக்கு ஓடுறேன்."

"பந்தயம் அங்கிட்டுல போகுது!"

அப்போதுதான் ஓடையைப் பார்த்தேன். இது நான் ஏறும்போது தாண்டிய அதே ஓடை. கல்லைச் சுற்றிய கிறக்கத்தில் ஏறிய வழியிலேயே இறங்கிவிட்டேன். அந்தப் பத்துப் பேரில் மச்சான் இல்லை. நான் கல்லுக்கு அந்தப் பக்கம் பக்தியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது இந்தப் பக்கம் முத்திரை வாங்கிக்கொண்டு அவன் சரியான வழியில் இறங்கியிருக்கிறான்.

அவர்கள் திட்டிக்கொண்டே பீடி பற்ற வைத்தார்கள். எனக்கு அந்தச் சேலை கண் முன்னால் வந்தது, குறுக்கே கட்டிய சேலை. திரும்பி ஏறினேன். முதல் தடவை ஏறியது ஓட்டம். இரண்டாவது தடவை ஏறியதற்கு நான் இன்னும் பேர் கண்டுபிடிக்கவில்லை. சோலைக்குள் சில இடங்களில் நாலு காலில் போனேன். யானை உண்மையாகவே வந்திருந்தால் உறவு கொண்டாடியிருக்கும்.

கல்லடியில் மறுபடியும் கம்பளியிலிருந்து கை வந்தது. குத்தியது.

"எத்தனாவது ஆளு?" என்றது கம்பளி.

"மொதலாவதும் நான்தான், மூணாவதும் நான்தான்" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை கல்லைச் சுற்றாமல் கும்பிட்டு மட்டும் வைத்து, மறுபக்கம் பாய்ந்தேன். புல்மேட்டில் பாதியைக் காலாலும் மீதியை உட்காரும் இடத்தாலும் கடந்தேன்.

மைதானத்துக்குள் ஓடி வந்தபோது கூட்டம் கைதட்டியது. கைதட்டலோடு சிரிப்பும் இருந்தது. ஒரு கையால் டவுசரின் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டுதான் எல்லைக் கோட்டைத் தாண்டினேன். மச்சான் கழுத்தில் மாலை, தோளில் பரிசுக் கம்பளி. ஒரு கிளாஸ் டீயை முடித்து இரண்டாவதை ஊதிக்கொண்டிருந்தான்.

"வாரும் மாப்ள. ஆன சௌக்கியமா?" ஓடையிலிருந்து குறுக்கே வந்தவர்கள் அதற்குள் கதையைப் பரப்பிவிட்டார்கள்.

துரை என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"எந்தா இது? ரண்டு சீல்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பத்துப் பேரும் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். "ஓட வரைக்கும் எங்கள எறக்கிட்டான் தொரை! உச்சியில இருந்து ஓட வரைக்கும்! அப்புறம் இவன் மட்டும் மறுபடி ஏறிப் போயிட்டான்!" அவர்கள் திட்டத் திட்ட எனக்குச் சாட்சி கூடிக்கொண்டே போனது.

துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மச்சானின் டீ கிளாஸைப் பார்த்தார். "அப்போ, நீ ஒரு சாயா குடிச்ச நேரத்துல இவன் அந்தக் கேற்றம் இன்னொரு தடவ கேறியா?"

"வழி தெரியாதவனுக்கா தொரை தப்பால்?" என்றான் மச்சான்.

"வழி ஒரு வாரம் நடந்தால் தெரியும். இந்தக் கால் ஒரு வாரத்தில் வராது." கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். "பேர் பதி."

கம்பளி மச்சானுக்கு, பை எனக்கு. அதன்பின் நான் தினமும் பையோடு வலமாகவே போனேன். மாடிச் சூட்டுக்குள் இருந்துகொண்டு மச்சான் அந்தக் கம்பளியை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த அன்று அதைக் கொண்டுவந்து அவனே தொட்டிலில் விரித்தான்.

பிள்ளை பிறக்கும் முன்பே, பந்தயத்துக்கு அடுத்த வாரமே அறை கிடைத்தது. லயத்தில் கடைசி அறை, தகரக் கூரை, பச்சைக் கதவு. சாவியை வாங்கி நானே திறந்தேன்.

"நீ சுத்தச் சொன்ன சுத்துலதான்டி வழி தப்புனேன்" என்றேன்.

"சுத்தலேன்னா ரெண்டாவது முத்திர ஏது?" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "இந்தச் சேத்தோட உள்ள வராதீங்க. கழுவிட்டு வாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எதிர் லயம் வரை கேட்டிருக்கும். நான் வெளியே நின்றேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னவே, மொத நாளே வெளிய தள்ளிட்டாளா?" என்றார்.

"ஆமா" என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "எங்க கதவு."