பரவைக் கடலில் பிடுங்கிய கம்புகள்

என் அக்காவின் புருஷன் ஒரு வேலிக் கள்ளன். தோணியைச் சேற்றில் ஏற்றியவன் நான் என்று ஊர் இன்றும் சொல்கிறது. ஏற்ற வைத்தவர் அவர்.

அரிசிக்குக் கூப்பன் வருவதற்கு முந்தின வருடம், எங்கள் ஊரிலிருந்து எட்டுப் பேர் குருநகரில் தோணி பிடித்து, ஆழமில்லாத பரவைக் கடலைச் சுற்றிப் பார்க்கப் போனோம். எல்லோரும் புகையிலைத் தோட்டக்காரர். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவர்கள். குடாக்களுக்குள் கண்டல் மரங்கள் நெருங்கி நின்றன. ஆழமான வழியைக் காட்டத் தோணிக்காரர்கள் இரு பக்கமும் கம்பு நட்டு, நுனியில் ஓலை கட்டியிருந்தார்கள்.

அத்தான் அந்தக் கம்புகளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் அவருடைய வேலி பக்கத்துக் காணிக்குள் ஒரு முழம் நடந்து போகும்.

மத்தியானம் ஒரு மணல் திட்டியில் இறங்கிச் சமைத்தோம். அத்தான் குளிக்கப் போனார். சோறு ஆறிய பிறகுதான் வந்தார்.

திரும்பும்போது தோணிக்காரர் வெற்றிலை போட உட்கார்ந்து, தோணியை ஊன்றித் தள்ளும் தாங்குகோலை என்னிடம் தந்தார்.

"கம்புகளுக்கு நடுவாலை விடு தம்பி. வேறை ஒண்டும் வேண்டாம்."

கம்புகளைக் காணவில்லை. தோணி சேற்றில் ஏறி நின்றது.

"நல்லாய் ஓட்டுறாய் மச்சான்!" என்று அத்தான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

பாரம் குறையட்டும் என்று மற்றவர்கள் இறங்கிக் கரைக்கு நடந்தார்கள். அத்தான் மட்டும் தான் இருந்த பாயை விட்டு எழும்பவில்லை.

"எனக்கு நாரி பிடிச்சுப் போட்டுது" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

தோணிக்காரர் பாயை உருவினார். கீழே ஈரக் கம்புகள், கட்டின ஓலையோடு.

"ஐயா, இது கடல். உங்கடை காணி இல்லை."

"சும்மா நிண்டதுகள்தானே? நல்ல கண்டல் தடி, கறையான் தின்னாது."

தோணிக்காரர் அவரைச் சேற்றில் இறக்கி, ஒவ்வொரு கம்பாக அவர் கையாலேயே திரும்ப நட வைத்தார். கரையில் நின்றவர்கள், அவர் எங்களுக்கு வழி தேடுகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவரும் இடுப்பளவு சேற்றில் நின்று கையை உயர்த்திக் காட்டினார்!

பிறகு என் காதுக்குள், "அக்காவிட்டைச் சொல்லிப்போடாதை, மச்சான்" என்று கெஞ்சினார். ஓம் என்றேன். மடையன் நான். ஒரு கிழமைக்குள் தோணியை மீட்டவர் அவர், சேற்றில் தாட்டவன் நான் என்று ஊரெல்லாம் கதை. எனக்குப் பெண் கேட்டுப் போன வீட்டிலும் முதல் கேள்வி அதுதான். சம்பந்தம் நின்றுபோனது. கதையைக் கொண்டு திரிந்தவர் அத்தான்தான்.

அத்தான், வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் மகளின் கல்யாணப் பந்தலில் ஊர் முழுவதும் இருக்கும். எழும்பி நின்று சொல்லுங்கள்: கம்புகளைப் பிடுங்கியது ஆர்?