சீசனுக்கு வாங்கிய ஜெனரேட்டர்

அந்த டீசல் ஜெனரேட்டர் வந்து இறங்கிய அன்று அத்தான் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரையே இடிக்க வேண்டியதாயிற்று. லாரியிலிருந்து சங்கிலி போட்டு இறக்கிய ஆட்கள் கேட்டின் அகலத்தைப் பார்த்தார்கள், பச்சைப் பெயின்ட் அடித்த எஞ்சினைப் பார்த்தார்கள், பிறகு அத்தானைப் பார்த்தார்கள். "சுவரத் தட்டுங்கலே, நாளைக்குக் கட்டிக்கிடலாம்" என்றார் அத்தான், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக. அக்கா அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மண்டபத்துக்கு வாங்க வேண்டியதை மனிதர் வீட்டுக்கு வாங்கிவிட்டார் என்பது, கரண்ட் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே தெரிந்தது. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போதெல்லாம் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குகிறவர்களே அபூர்வம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தென்காசியில் மரக்கடை வைத்திருந்தார். வீடு குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் இருந்தது. எனக்குத் தென்காசியில் டீச்சர் வேலை கிடைத்ததால் கல்யாணம் ஆகும்வரை அவர்களோடுதான் இருந்தேன். அத்தானுக்கு எதையும் அளவாக வாங்கத் தெரியாது. இட்லிக் கொப்பரை ஊருக்கே அவிக்கலாம். சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில் இருப்பவரிடம் உப்புக் கேட்க எழுந்து போக வேண்டும். ஏன் அத்தான் என்றால், "ஆளு கூடும்லா டீச்சரம்மா" என்பார். அந்த நம்பிக்கையில்தான் கல்யாணமான புதிதிலேயே மாடியில் மூன்று அறைகள் கட்டினார். பிள்ளைகள் பிறக்கவில்லை. அக்கா வாரம் ஒருமுறை மாடிக்குப் போய் அந்த அறைகளைப் பெருக்கிவிட்டு வருவாள்.

ஆனி, ஆடியில் சாரல் காற்று அடிக்கிற அடியில் ஏதாவது ஒரு மரக்கிளை ஒடிந்து கம்பியில் விழும், கரண்ட் போய்விடும். அதே மாதங்களில்தான் சுரண்டை, வாசுதேவநல்லூர், மதுரை என்று எல்லா ஊர்ச் சொந்தக்காரர்களும் அருவியில் குளிக்க வந்து அத்தான் வீட்டில் தங்குவார்கள். அத்தான் போட்ட கணக்கு அந்தக் கூட்டத்துக்கான கணக்கு. எல்லா லைட்டும் எல்லா ஃபேனும் ஒன்றாக எரிந்து சுற்ற வேண்டும், கூடவே பிரிட்ஜும் கிணற்று மோட்டாரும் ஓட வேண்டும். மோட்டார் கிளம்பும்போது இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்குமாம், அதற்கும் இடம் வேண்டும். அதற்கு மேல் ஆளு கூடினால் என்று இன்னும் கொஞ்சம். அக்கா ஒரே ஒரு தடவைதான் சொல்லிப் பார்த்தாள். "அவங்க குளிக்க வாராங்க, ஈரத்துண்டச் சுருட்டிக்கிட்டுப் போயிருவாங்க. வருசம் பூரா இங்கன இருக்கது யாரு?" அத்தான் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

சீசனில் அந்த எஞ்சின் ராஜா மாதிரி ஓடியது, பொய் சொல்லக்கூடாது. சீசன் முடிந்து வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சியதும் கறுப்பாகப் புகை கக்க ஆரம்பித்தது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் கரிப்புள்ளி. மெக்கானிக் வந்து பார்த்தார். "லோடு பத்தல அண்ணாச்சி. இம்புட்டுப் பெரிய எஞ்சின் மூணு லைட்டுக்கு ஓடுனா கரி பிடிக்கத்தான் செய்யும்" என்றார். வேறு யாராக இருந்தாலும் விற்றிருப்பார்கள். அத்தான் லோடுக்கு ஆள் தேடினார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வயர் இழுத்து, கரண்ட் போனால் ஆளுக்கு ஒரு லைட்டு, ஒரு ஃபேன் என்று இலவசமாகக் கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இந்தக் கிறுக்குத்தனமும் ஒரு காரணம். தெருவே அவரைக் கொண்டாடியது. ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் அடுக்களையில் வந்து உட்கார்ந்து, "பிள்ள குட்டி இல்லாட்டி என்னம்மா, தெருவுக்கே வெளிச்சம் குடுக்கியளே, அந்தப் புண்ணியம் போதும்லா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அக்கா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு எஞ்சின் ஓடும்போதெல்லாம் அக்கா பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, எதிர்வீட்டு அம்மாள் மேல் அல்ல, அந்தப் பச்சை எஞ்சின் மேல். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அது ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பது போலிருந்தது.

எண்பதுகளில் அது ஒருவழியாக, உள்ளே சுழல்கிற கிராங்க் தண்டு உடைந்து நின்றது. அதற்குள் கையில் தூக்கிக்கொண்டு போகும்படி சின்ன ஜெனரேட்டர்கள் வந்துவிட்டன. தெருவில் இரண்டு மூன்று பேர் சொந்தமாகவே வாங்கிக்கொண்டார்கள். அத்தான் மட்டும் பழைய அளவிலேதான் வேண்டும் என்று நின்றார். எனக்குக் கல்யாணமாகி, தென்காசியிலேயே குடித்தனம் இருந்தேன். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே போனபோது, அத்தான் அறை அறையாகப் போய் எல்லா சுவிட்சையும் போட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு லோடு வரும் என்று பார்க்கிறாராம். பின்னாலேயே அக்கா போய் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏ பிள்ள, எதுக்கு அணைக்கே? கணக்குப் பாக்கேன்லா."

"நானும் கணக்குத்தான் பாக்கேன்" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். நான் படியில் நின்றுவிட்டேன். முதல் அறையில் லைட் எரிந்தது, அணைந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது அறையில் எரிந்த லைட்டை அக்கா அணைக்கவில்லை. பெருக்கித் துடைத்துக் காலியாகக் கிடந்த அறையின் வாசலில் நின்று, "இங்கன யாரு இருக்கா?" என்று கேட்டாள். கோபமில்லை, தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள். "சீசனுக்கு..." என்று ஆரம்பித்தார் அத்தான். பிறகு அவரே அந்த சுவிட்சை அணைத்தார். அவர்கள் இறங்கி வருவதற்குள் நான் கீழே போய்விட்டேன்.

மறுவாரம் ஜெனரேட்டர் வாங்கத் திருநெல்வேலிக் கடைக்கு அத்தானோடு அக்காவும் கிளம்பினாள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். கடைக்காரர் முதலில் கேட்டதே, "வீட்ல எத்தன பேரு அண்ணாச்சி?" என்றுதான். இதை யார் கேட்டாலும் மதுரைச் சொந்தக்காரர்களிலிருந்து எண்ண ஆரம்பிக்கிற மனிதர், அன்று அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேரு" என்றார்.

"பிள்ளைக வெளியூர்ல இருக்காங்களோ? லீவுக்கு வருவாங்கள்லா, அதையும் சேத்து..."

"பிள்ளைக இல்ல. நானும் எங்க வீட்டம்மாவும்தான். ரெண்டு பேருக்கு உள்ளதக் குடுங்க."

அத்தான் வாயால் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டாள். அவள் கடைக்காரரிடம், "பிரிட்ஜ் கிளம்பையில தாங்குமா? மோட்டார் வேண்டாம், மேல்தொட்டியில தண்ணி கிடக்கும்" என்று நிதானமாகக் கேட்டாள். கீழே என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது என் வீட்டில் கரண்ட் போனால் பேட்டரி தானாக எடுத்துக்கொள்கிறது, போனதே தெரிவதில்லை. அன்று வாங்கிய சின்ன ஜெனரேட்டரைக் கயிற்றைச் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். அந்த வருடச் சாரலில் முதல்முறை கரண்ட் போனபோது நானும் அங்கே இருந்தேன். அத்தான் கயிற்றைச் சுண்டிவிட்டு உள்ளே வந்தார். அடுக்களையில் ஒரு லைட், நடுவீட்டில் ஒரு லைட்டும் ஃபேனும், அவ்வளவுதான். மாடி முழுக்க இருட்டு. பழைய எஞ்சினைவிட இதன் சத்தம் குறைவு, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டது. அக்கா பின்வாசலுக்குப் போகவில்லை. அத்தான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சின்னதா வாங்கிட்டோமோ?" என்றார் அத்தான்.

"இல்ல," என்றாள் அக்கா, "இப்பதான் வீடு நெறஞ்சாப்ல இருக்கு."