நாலு தரம் தராசேறிய குழந்தை

கொட்டாஞ்சேனையில் மெற்றில்டா மிஸ்ஸியைத் தெரியாத தாய்மார் குறைவு. இருபத்தாறு வருசமாக வீடு வீடாக ஏறி இறங்கும் அரசாங்க மருத்துவிச்சி. வாய் கொஞ்சம் நீளம். அதற்காக அவரை ஒருவரும் வெறுத்ததில்லை.

களனி ஆறு பெருகியதும் கரையோரச் சனம் மாதா கோயில் மண்டபத்தில் வந்து தங்கியது. மற்ற முகாம்களை முடித்துக்கொண்டு பத்தாம் நாள்தான் மெற்றில்டாவால் அங்கே போக முடிந்தது. அரிசி, பருப்பு, பாய் எல்லாம் குவிந்து கிடந்தன. பெண்களுக்கு வேறும் தேவை உண்டென்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மெற்றில்டா ஒரு மூலையைச் சேலையால் மறைத்துவிட்டு, மண்டபத்துக்குப் பொறுப்பான ஹியூபேட்டிடம், "குடும்பக்கட்டுப்பாட்டு ஊசியும் துணியும் கொண்டுவந்திருக்கிறன், பொம்பிளையளுக்குச் சொல்லிவிடும்" என்றார். அங்கேதான் பிழை.

ஹியூபேட் நல்ல மனுசன்தான். கையில் மைக் கிடைத்தால் மட்டும் ஆபத்து. பால்மாவுக்கு ஆள் கூப்பிட்ட அதே குரலில், "குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி போடுற ஆக்கள் உடனே லைனுக்கு வரவும்!" என்று முழங்கினார். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி எழும்பினால்தானே!

தண்ணீர்க் குழாயடியில் சாமினி மிஸ்ஸியின் கையைப் பிடித்தாள். மூன்று பிள்ளைகளின் தாய். கடைசிப் பேற்றில் இரத்தம் போய்ச் சாகக் கிடந்தவள். இன்னொன்று உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாத ஊசிக்குரிய நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு வெள்ளம். மூன்று கிழமை பிந்திவிட்டது.

"ரெண்டு நாளா சத்தி எடுக்கிறன், மிஸ்ஸி. அந்த ஊசியோட மாசாமாசம் ஒழுங்கா வராதுதானே, எப்பிடித் தெரியும்? இந்தச் சனத்துக்கு முன்னால எப்பிடி லைன்ல நிக்கிறது?"

மெற்றில்டாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தம்பி முறையில் 'மல்லி' என்று தான் கூப்பிடும் ஹியூபேட்டிடம் நேரே போனார்.

"மல்லி, மைக்கில சொல்ற கதையா அது? இப்ப குழந்தைக்கு நிறை பாக்கிறதெண்டு சொல்லும். ஒரு சொல்லு கூடக் கதைச்சா மைக்கைப் பிடுங்குவன்."

சேலைக்குப் பின்னால் தராசு தொங்கியது. மாதாமாதம் கிளினிக்கில் நடக்கும் வேலைதானே, ஆண்கள் திரும்பியும் பார்க்கவில்லை. பெண்களுக்கு மட்டும் விசயம் காதோடு காதாகப் போயிருந்தது. முதலில் ஷஹீமா எட்டுமாதக் குழந்தையோடு வந்தாள். மாதவிடாய்த் துணி வேண்டும் என்று மெல்லச் சொன்னாள், துணிப் பொதியை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அடுத்தவளின் இடுப்பிலும் அதே குழந்தை. மூன்றாமவளின் இடுப்பிலும் அதுவே. மெற்றில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு தரமும் குழந்தையைத் தராசில் ஏற்றி இறக்கினார். நாலாவதாக வந்தவள் சாமினி.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம். சாமினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற, மகள். ஒரு கோடுதான். ரெண்டு கோடெண்டாத்தான் பிள்ளை. சத்தி இந்த முகாம் பருப்பால."

"அப்ப ஊசி?"

"நாலு கிழமை வரைக்கும் போடலாம். கையை நீட்டு."

ஊசி ஏறியபோது சாமினி முனகவும் இல்லை. முடிந்த பிறகுதான் இரவல் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. பத்து நாளில் அவள் சிரித்தது அன்றுதான்.

வெளியிலிருந்து ஹியூபேட்டின் குரல் கேட்டது.

"மிஸ்ஸி, அந்தப் பிள்ளைக்கு ஏதும் வருத்தம், காய்ச்சலே? நாலாம் தரமும் நிறுக்கிறீங்கள்!"

மெற்றில்டா புதுக் கார்ட்டில் அடுத்த திகதியை எழுதிச் சாமினியின் கையில் வைத்தார்.

"ஒரு வருத்தமும் இல்லை, மல்லி. நல்ல சுகம்."