ரஞ்சனிக்காக வந்த லாரிகள்

என் தங்கை ரஞ்சனி, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கலைக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறைத் தலைவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். 'முனைவர் ரஞ்சனி' என்ற பலகையை அவள் அறை வாசலில் மாட்டியபோது, அது சாய்ந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினேன்.

மூன்று வருடத்துக்கு முன் கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வருவதாக இருந்தது. முன்பெல்லாம் நேரில் பார்த்தே தரம் போடுவார்களாம். இப்போது கணினியில் ஏற்றும் விவரங்களுக்குத்தான் பாதிக்கு மேல் மதிப்பெண். அந்த வேலை முழுவதும் ரஞ்சனியின் தலையில் விழுந்தது. அதில் ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், அதற்கு நியமன ஆணை உண்டா? அவளிடம் படித்தவர்களில் பலர் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். இன்னும் பலர் முட்டை லாரி ஓட்டுகிறார்கள். சொந்த வண்டி ஓட்டுகிறவனுக்கு நியமன ஆணை யார் கொடுப்பது?

கல்லூரிச் செயலாளர் ஈஸ்வர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, தரம் கொறஞ்சா வரலாத்துப் பிரிவ மூடிப்போட்டு கம்ப்யூட்டர் பிரிவு ஆரம்பிக்கலாம்னு கமிட்டில பேசிட்டாங்க. குழு வர்றப்ப பழைய மாணவர்கள்னு நாலு பேரு கோட்டுப் போட்டு உக்காரோணும். எம் மச்சான் பசங்க பெங்களூர்ல இருக்கறாங்க, வரச் சொல்லட்டுமா?"

"அவிங்க இங்க படிக்கலீங்களே சார்."

"பாத்தா படிச்சாப்பலதான் இருப்பாங்க."

"வேண்டாமுங்க. எம் பசங்களையே கூப்புடறேன்."

அன்று மாலை அவள் தன் பழைய மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். "பிரிவு நிக்கறதும் போறதும் அன்னிக்குத்தான் கண்ணுகளா. முடிஞ்சவங்க வாங்க."

முடிந்தவர்கள் வந்தார்கள். ஆனால் வண்டியை எங்கே விடுவார்கள்? சரக்கோடு போகிற வழியில் அப்படியே வந்துவிட்டார்கள். கல்லூரிக்குத் திரும்பும் சாலை ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். பந்தலுக்குத் தார்ப்பாய் கட்ட நான் காலையிலேயே போயிருந்தேன். பார்த்தால் நெடுஞ்சாலை வரைக்கும் லாரி. முன்னால் அவளுடைய பழைய மாணவன் சென்னிமலையின் ரிக் வண்டி கல்லூரி வாசலில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டது. குழுவின் கார் எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றது.

ஈஸ்வர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ரஞ்சனி, கமிட்டிக்கு வேலையே இல்ல. உம் பசங்களே உம் பிரிவ மூடீட்டுப் போயிருவாங்க."

நான் சென்னிமலையை இழுத்துக்கொண்டு காரிடம் ஓடினேன். குழுத் தலைவர் ஒரிசாப் பக்கத்துப் பேராசிரியை. காரை விட்டு இறங்கி, கைபேசியில் தன் பாஷையில் யாரிடமோ சலித்துக்கொண்டிருந்தார். சென்னிமலை கும்பிட்டுவிட்டு அதே பாஷையில் மன்னிப்புக் கேட்டான். அந்த அம்மாள் கைபேசியைத் தாழ்த்தினார். அவன் அங்கே ஏழெட்டு வருடம் கிணறு போட்டவன்.

அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. பிறகு அவன் சொன்னதை எழுதுகிறேன்.

ஏன் இத்தனை லாரி என்று அவர் கேட்டாராம். "எங்களுக்குப் பரீட்சை வச்ச மேடத்துக்கு இன்னிக்குப் பரீட்சைங்க. தொணைக்கு வந்தோம்."

கிணறு போட வரலாறு எதற்கு என்று கேட்டதற்கு, "கெணறு போட ஒண்ணுக்கும் ஆகாதுங்க" என்றிருக்கிறான். ஆனால் அந்த அம்மாளின் மாவட்டத்திலேயே ஒருமுறை ரிக்கை நிறுத்தக் குழி வெட்டியபோது செதுக்கிய கல் ஒன்று தெரிந்ததாம். அந்தப் படத்தை ரஞ்சனிக்கு அனுப்பினானாம். அவள் சொன்னபடி ஊர்க்காரர்களிடம் பேசி, கிணற்றை நாற்பதடி தள்ளிப் போட்டானாம். எந்த ஊர், எந்த மேடு என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார். பின்னால் வந்த இன்னொரு பேராசிரியர் முட்டை லாரி ஓட்டும் சடையனோடு இந்தியில் பேசிச் சிரித்தார். ரிக்கின் டயரைச் சுற்றி எல்லோரும் ஒவ்வொருவராக நுழைந்து உள்ளே போனார்கள்.

ரஞ்சனி வேர்த்து விறுவிறுத்து எதிரே ஓடிவந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கும் முன் தலைவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான் அவள் பக்கத்தில் போனேன்.

"என்னம்மிணி சொல்றாங்க?"

"பழைய மாணவர் சந்திப்ப வழியிலயே முடிச்சுட்டாங்களாமாண்ணா. அடுத்து என்னன்னு கேக்கறாங்க."

தரம் போன தடவையைவிட ஒரு படி ஏறியது. ஒரே ஒரு படிதான், கூட்டிச் சொல்லக் கூடாது. கமிட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவும் வந்தது, வரலாறும் நின்றது.

அந்த ஜூன் மாதம் வரலாற்றில் முதல் ஆளாகச் சேர்ந்தது சடையனின் மகள் இலக்கியா. நானும் அன்று அங்கே இருந்தேன்.

"மேடம், எனக்குப் போட்டாப்பல இவளுக்கும் மார்க்கக் கொறச்சுப்போடாதீங்க" என்றான் சடையன்.

"உனக்குப் போட்டதே இரக்கப்பட்டுத்தான் சாமி" என்றாள் ரஞ்சனி.

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவன் தலையைச் சொறிந்தான். மணி அடித்தது. இலக்கியாவை முன்னால் விட்டு ரஞ்சனி மாடிப்படி ஏறினாள்.