நெல் காயும் ரோட்டில் ஸ்கூட்டர் பழக்குகிறேன்

பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கிவிடுவது என் தொழில். அதில் முக்கால்வாசி நேரம் பின் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. உங்கள் மகளோ மருமகளோ புதிதாக வண்டி எடுத்து, நீங்களும் நம்பிப் பின்னால் ஏறியிருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும். எனக்கு வலது காலில் ஆடுசதை கொஞ்சம் பெரிதாகவே ஆகிவிட்டது.

துபாயிலிருந்து ஒரு நிபந்தனை

என்னிடம் வண்டி பழக வந்த ராபியாவின் மகளை ஆறாம் வகுப்புக்கு நன்னிலத்தில் சேர்த்திருந்தார்கள். அவர்கள் ஊருக்கு வருவது ஒரே பஸ், அதுவும் வந்தால்தான். அதனால் துபாயில் இருக்கும் அவள் கணவர் ஒரு வழியாக ஸ்கூட்டர் வாங்கச் சம்மதித்துத் தன் பெயரிலேயே பதிய வைத்திருந்தார். முதல் நாளே போனை ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "பழக்கிவிடுங்கக்கா, வேணாங்கல. ஆனா ஒரே ஒரு தடவ கீழ விழுந்தாள்னு கேள்விப்பட்டேன், மறுநாளே ஆளு விட்டு வண்டிய வித்துடுவேன்."

கண்ணாடி

ராபியா புர்காவின் ஓரத்தைச் சக்கரத்தில் சிக்காமல் தூக்கிக் கிளிப் போட்டுக்கொள்வாள், ஹெல்மெட் பட்டையை இறுக்குவாள், எல்லாம் சரி. ஆனால் இரண்டு பக்கக் கண்ணாடியையும் வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். பின்னால் பஸ் வருவது தெரிந்தால் பயமாக இருக்கிறதாம். தெரியாமல் இருந்தால் நிம்மதியாம்.

வண்டியை ரோட்டோரம் ஸ்டாண்ட் போட்டு, கண்ணாடிகளைச் சரியாகத் திருப்பி, அவளை ஏற்றி உட்கார வைத்தேன். திரும்பக் கூடாது, கண்ணாடியைப் பார்த்தே பின்னால் வருவது என்னவென்று சொல்ல வேண்டும். லாரி, டிராக்டர், பால் வண்டி என்று மூன்று நாள் ஒப்பித்தாள். மூன்றாம் நாள் முடிவில், கொஞ்சம்கூடத் திரும்பாமல் சொன்னாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் வர்றாங்க. ஹெல்மெட் போடல."

மாடு தின்றுவிடுமாம்

அறுவடை வந்தது. எங்கள் பக்கத்தில் நெல் காயப்போட களம் போதாது. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கவும் மாட்டார்கள். அதனால் பாதி ரோட்டில் நெல் காயும். வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். சாயங்காலம் நெல் மூட்டையில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். கல் மட்டும் ரோட்டிலேயே கிடக்கும்.

தினமும் பாடம் தொடங்குமுன் நான் இறங்கிக் கல் பொறுக்குவேன். கடைசியில் பொறுக்க முடியாமல் வைத்தியலிங்கம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அந்த ரோட்டில் காய்வது பெரும்பாலும் அவர் நெல்தான். யூரியா சாக்கில் வைக்கோலை அடைத்து வையுங்கள், வெள்ளையாகத் தூரத்திலேயே தெரியும், யாராவது மோதினாலும் ஒன்றும் ஆகாது என்றேன். நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்க்க, அவர் சொன்னார்: "சாக்க வச்சா மாடு வந்து வைக்கோலத் தின்னுட்டுப் போவும். நீ வண்டி ஓட்டக் கத்துக்குடு தாயி, விவசாயம் எங்களுக்குத் தெரியும்."

தலையளவு கல்

ராபியா லைசென்ஸ் வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. பொழுது சாயும் நேரம், மகளை டியூஷனிலிருந்து பின்னால் ஏற்றிக்கொண்டு வருகிறாள். இருட்டுவதற்கு முன்பே லைட்டைப் போட வேண்டும், லைட் விழும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும் என்று அவள் காது புளிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் வந்திருக்கிறாள். நடு ரோட்டில் தலையளவு கல். இடது பக்கம் வாய்க்கால். வெடுக்கென்று ஒடிக்காமல், இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தூரத்தில் ஒரு பைக் விரட்டிக்கொண்டு வருகிறது. வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டரை எரியவிட்டு, மகளை வாய்க்கால் கரையில் நிற்க வைத்துவிட்டு, போன் லைட்டை ஆட்டியிருக்கிறாள். பைக் கிறீச்சென்று வந்து கல்லுக்கு இரண்டடி முன்னால் நின்றது. வந்தது வைத்தியலிங்கம் அண்ணன். பின்னால் அவர் மனைவி செல்வி. இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

ராபியா போன் செய்ததும் நான் அலறியடித்துக்கொண்டு போய், நாலு பேருக்கும் கை காலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். அண்ணன் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வண்டிப் பேச்சு இருந்தது. செல்வி எனக்கு வேலை வைக்கவில்லை: "வச்சது நீங்க, எடுக்காம வந்தது நீங்க, விழ இருந்ததும் நீங்க. மாடு தின்னா தின்னுட்டுப் போவுது, காலையில சாக்கத் தூக்கிட்டு வாங்க."

வெள்ளைச் சாக்குகள்

மறுநாள் போனால், நெல் நெடுகிலும் வெள்ளை வெள்ளையாகச் சாக்குகள் உட்கார்ந்திருந்தன. வைத்தியலிங்கம் அண்ணன் கையில் குச்சியோடு மாடு விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் ஒரு கல்கூட மிச்சமில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த ரோட்டில் இரண்டு தடவை போய் வந்தேன்.

அதற்குள் துபாய்க்கு யாரோ சேதி சொல்லிவிட்டார்கள், ராபியா ரோட்டில் ஏதோ ஆகி நின்றாளென்று. நான் பக்கத்தில் இருந்தபோதே போன் வந்தது, பெயரைப் பார்த்ததும் அவள் என்னிடம் நீட்டிவிட்டாள். நான்தான் வாங்கிப் பேசினேன். "விழுந்துட்டாளாக்கா?" என்றார். விழவில்லை தம்பி, விழ இருந்த இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறாள் என்று நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விசாரிச்சுச் சொல்லுங்கக்கா, ஆர்.சி. புக்க அவ பேருக்கு மாத்த என்னென்ன வேணும்?"

விழாமல் வீடு வந்து சேருகிறவர்களை யாரும் கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பதில்லை என்பதால், எங்கள் வெற்றியை நாங்களேதான் இப்படி எழுதிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.